பின் கியர்: எதைத் திருகலாம், எதைத் தொடக் கூடாது

கியர் சைக்கிள் வாங்கிச் சில மாதங்களில் அந்தச் சத்தம் வந்துவிடும். லீவரைத் தட்டினால் ‘டிக்’ என்று கேட்கும், செயின் நகராது. மறுபடி தட்டினால் ஒரேயடியாக இரண்டு பல்சக்கரம் தாவும். இல்லையென்றால் எந்தக் கியரில் போட்டாலும் பின்னால் கரகரவென்று உரசிக்கொண்டே வரும். ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுபவை அங்கே அருகருகே இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று திருகிப் பார்ப்போம். சும்மா கரகரத்துக்கொண்டிருந்த கியர் நிஜமாகவே கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

மேலே சொன்ன கோளாறுகளுக்கும் அந்த ஸ்க்ரூக்களுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. கோளாறு கேபிளில் இருக்கும். அதைச் சரிசெய்ய ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், இரண்டு விரல் போதும்.

நம் ஊர்ச் சாலைகளில் நிறையப் பார்க்கும் 21 கியர் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பெடல் பக்கம் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பின்னால் உள்ள ஏழில் சிறியது வெளிப்பக்கம் இருக்கும். பெரியது ஸ்போக் கம்பிகளை ஒட்டி உட்பக்கம். சிறியதில் பெரும்பாலும் 14 பல், பெரியதில் 28. மேடேறுவதற்கென்றே 34 பல் வைத்ததும் உண்டு. இந்த அடுக்குக்குக் கீழே, இரண்டு குட்டிச் சக்கரங்களோடு தொங்குகிறதே, அதற்கு டெரெய்லர் என்று பெயர். மேல் குட்டிச் சக்கரம் செயினை எந்தப் பல்சக்கரத்துக்கு அனுப்புவது என்று வழிகாட்டுகிறது. கீழ்ச் சக்கரம் செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கிறது.

டெரெய்லருக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் செயினைச் சிறிய பல்சக்கரத்தின் பக்கமே தள்ளும். கேபிள் அதற்கு நேர் எதிர்: இழுக்க இழுக்க, செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும். வழியில் கேபிள் அறுந்துபோனால் செயின் தானாகச் சிறிய பல்லுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுவது இதனால்தான். ஏற்றுவது கேபிள், இறக்குவது ஸ்பிரிங். இதை மனதில் வைத்துக்கொண்டால் கோளாறில் பாதியைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. பழைய கியர் சைக்கிள்களில் லீவருக்கு ‘டிக்’ இருக்காது. வானொலிப் பெட்டியில் நிலையம் பிடிப்பதுபோல, செயின் சத்தமில்லாமல் உட்காரும்வரை ஓட்டுபவரே லீவரை நகர்த்திக்கொள்வார். கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கை அதை ஈடுகட்டிவிடும். 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், தன் உயர்தர வரிசையான டூரா-ஏஸில், ஒரு தட்டுக்கு ஒரு பல்சக்கரம் என்று கணக்காக நகரும் முறையைக் கொண்டுவந்தது. மிக விரைவில் மலிவான சைக்கிள்கள்வரை அது இறங்கிவிட்டது. (டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937-இல்தான் டெரெய்லருக்கே அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் மேடு வந்தால் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். நாம் ‘டிக்’ விழவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.)

‘டிக்’ வந்த பிறகு கணக்கு கறாராகிவிட்டது. ஏழு பல்சக்கர அடுக்கில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்த பல்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஷிமானோவின் 7, 8, 9 பல்சக்கர டெரெய்லர்களில் கேபிள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் டெரெய்லர் சுமார் 1.7 மில்லிமீட்டர் நகரும். அதாவது கேபிளில் வெறும் அரை மில்லிமீட்டர் தொய்வு விழுந்தால் செயின் நிற்க வேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். அந்த விலகல்தான் கரகரப்பு. பல்சக்கரங்கள் கூடக்கூட இடைவெளி குறையும். 11 பல்சக்கர அடுக்கில் அது 4 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. 21 கியர் சைக்கிள்காரர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும் அடுக்கு அது.

சரி, வேலைக்கு வருவோம். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும். ஒருவர் சீட்டைப் பிடித்துத் தூக்கிக்கொள்ளலாம், ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ கயிறு கட்டித் தொங்கவிடலாம், அல்லது கீழே ஒரு சாக்கை விரித்துத் தலைகீழாக நிறுத்தலாம். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். பெடல் சுற்றும்போது செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரல் மாட்டினால் சாதாரணக் காயத்தோடு போகாது.

கேபிள் டெரெய்லருக்குள் நுழையும் இடத்தில், பின்பக்கமாக, விரலால் திருகும்படி வரிவரியாக ஒரு சின்ன உருளை இருக்கும். அதுதான் அட்ஜஸ்டர். சில மாடல்களில் அங்கே இருக்காது. ஹேண்டில்பாரில் கியர் லீவரை விட்டுக் கேபிள் வெளியே வரும் இடத்தில் பாருங்கள். சிலவற்றில் இரண்டு இடத்திலும் இருக்கும். எதைத் திருகினாலும் பலன் ஒன்றே. உருளை வெளியே வரும்படி, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால் கேபிள் இறுகும். செயின் பெரிய பல்லின் பக்கம் நகரும். உள்ளே போகும்படி திருகினால் கேபிள் தளரும். செயின் சிறிய பல்லின் பக்கம் போகும்.

முன்பக்கம் நடுப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் லீவரைக் கடைசிவரை விட்டு, மிகச் சிறிய பல்லுக்குக் கொண்டுவாருங்கள். பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே ஒரே ஒரு தட்டு. செயின் இரண்டாவது பல்லுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை, அல்லது தயங்கித் தயங்கி ஏறுகிறது என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே திருகிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போனாலோ, இரண்டில் நின்றுகொண்டே மூன்றாவதை உரசினாலோ இறுக்கம் அதிகம்; கால் சுற்று உள்ளே. ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுதான். அவசரப்பட்டு மூன்று சுற்று திருகிவிட்டால் எங்கிருந்து கிளம்பினோம் என்பதே மறந்துவிடும்.

எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்பினால் ஒரு வழி உண்டு. சைக்கிள் நேராக நிற்கும்போது பின்னாலிருந்து அட்ஜஸ்டரைப் பாருங்கள். உருளையின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ, செயினும் அந்தப் பக்கம் நகரும். ஸ்போக் பக்கமாகத் திருகினால் ஸ்போக் பக்கம், அதாவது பெரிய பல். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தால் இந்த உபாயம் அப்படியே தலைகீழாகிவிடும். அப்போது கடிகார முள்ளை மட்டும் நம்புங்கள்.

இறுக்கம் சரியாக வந்துவிட்டதா என்பதற்கு ஷிமானோவே சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு இதைவிட நம்பகமான வேறு வழி தெரியாது. செயினை இரண்டாவது பல்லில் வைத்துப் பெடலைச் சுற்றுங்கள். ஏற்றும் லீவரை ‘டிக்’ விழும் அளவுக்கு அழுத்தாமல், அதிலுள்ள ஆட்டம் தீரும்வரை மட்டும் அழுத்துங்கள். அப்போது செயின் மூன்றாவது பல்லைத் தொட்டு லேசாகச் சத்தம் போட வேண்டும். லீவரை விட்டதும் சத்தம் நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் இறுக்கம் கச்சிதம். சத்தமே வரவில்லை என்றால் இன்னும் இறுக்குங்கள். விட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் தளர்த்துங்கள்.

பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். முடியாதவர்களுக்கு இருப்பது இரண்டு வகைச் சிக்கல்.

முதல் வகை: இறுக்கினால் இறங்க மறுக்கிறது, தளர்த்தினால் ஏற மறுக்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரு நிலை கிடைக்கவே மாட்டேன் என்கிறது. இது இறுக்கத்தின் கோளாறு இல்லை, உராய்வு. ஏற்றும்போது நம் கட்டைவிரல் இழுப்பதால் துருப்பிடித்த கேபிளும் வந்துவிடும். இறக்கும்போது வேலை செய்வது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டும். அதற்கு அவ்வளவு வலு கிடையாது. ஆகவே ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்கும்போது மட்டும் இரண்டு சுற்றுத் தாமதித்து ‘தொப்’பென்று விழுகிறது என்றால் கேபிளின் வெளி உறைக்குள் துருவோ மண்ணோ இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். மழையில் நனையும் சைக்கிள்களிலும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்ச் சைக்கிள்களிலும் இது சீக்கிரம் வரும். அதிலும் டெரெய்லருக்குள் நுழையும் முன் வளைந்து தொங்கும் கடைசித் துண்டு உறைதான் முதல் குற்றவாளி. சக்கரம் வாரியடிக்கும் சேறெல்லாம் அதன் வாயில்தான் போய்ச் சேருகிறது.

கேபிளைக் கழற்றாமலே இதைச் சுத்தம் செய்ய ஒரு வழி இருக்கிறது. பெடலைச் சுற்றிச் செயினை மிகப் பெரிய பல்லுக்கு ஏற்றுங்கள். சக்கரம் நின்ற பிறகு, பெடலைத் தொடாமல், லீவரை மட்டும் சிறிய பல்லின் நிலைக்கு டிக் டிக் என்று இறக்குங்கள். செயின் நகர முடியாது. கேபிள் மட்டும் தொளதொளவென்று ஆகிவிடும். ஃபிரேமில் உறை செருகியிருக்கும் பிடிகளில் பெரும்பாலும் ஒரு பிளவு இருக்கும். அதன் வழியாக உறையை வெளியே எடுத்து, கேபிள்மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். உறைக்குள் ஒளிந்திருந்த பகுதியைப் பழைய துணியால் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் விட்டு, மறுபடி செருகுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். கொஞ்ச நாளில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு மண்ணை அழைத்துக்கொள்ளும். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும், துரு விரலில் அப்பினாலும் துடைப்பது வீண், புதிது மாற்றுங்கள். கியரில் மலிவான பாகமே அதுதான்.

மாற்றும்போது ஒன்று. கியருக்கான உறையும் பிரேக்குக்கான உறையும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே வேறு. பிரேக் உறைக்குள் கம்பி ஸ்பிரிங்போலச் சுருண்டு ஓடும். அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், சுருங்காது. அரை மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்க்கும் இடத்தில் சுருங்கும் உறையைப் போட்டால் எத்தனை தரம் அட்ஜஸ்டரைத் திருகினாலும் நிற்காது. சில கடைகளில் கைக்குக் கிடைத்த பிரேக் உறையையே வெட்டிக் கியருக்குப் போட்டுவிடுகிறார்கள். வெட்டு வாயைப் பார்த்தாலே தெரியும்: சுருளா, கற்றையா என்று. அதுபோல, கியரில் போடக்கூடிய உறையை பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக்கின் அழுத்தத்தில் அது பிளந்துவிடும்.

புதுக் கேபிள் போட்ட சில நாட்களில் மறுபடி தளரும். கேபிள் நீண்டுவிட்டது என்பார்கள். உண்மையில் உறையின் முனைகள் தங்கள் இடத்தில் நன்றாக அமுங்கி உட்காருகின்றன, அவ்வளவுதான். அட்ஜஸ்டரில் கால், அரைச் சுற்று போதும்.

இரண்டாவது வகைச் சிக்கலுக்குத்தான் அந்த இரண்டு ஸ்க்ரூக்கள். நடுவிலுள்ள பற்களைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. டெரெய்லர் இரண்டு முனைகளிலும் எதுவரை போகலாம் என்பதை மட்டும் அவை தீர்மானிக்கின்றன. ஆங்கில எச் எழுத்து பொறித்தது சிறிய பல்லின் பக்க எல்லை. எல் எழுத்து பொறித்தது பெரிய பல்லின் பக்க எல்லை. உள்ளே திருகினால் எல்லை சுருங்கும்; வெளியே திருகினால் அகலும். செயின் சிறிய பல்லைத் தாண்டி ஃபிரேமுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்தால், அல்லது பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக் பக்கம் விழுந்தால், அல்லது புது டெரெய்லர் மாட்டினால் மட்டும் இவற்றில் கை வையுங்கள்.

அப்போது கேபிளை முழுதாக விடுவித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ பொருந்தும். சில மலிவு மாடல்களுக்கு ஸ்பேனர் வேண்டும். கழற்றும் முன், கேபிள் எந்தப் பக்கம், எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் தவறான பக்கத்தில் மாட்டினால் கேபிள் இழுக்கும் கணக்கே மாறிவிடும். பிறகு எந்தத் திருகலும் பலிக்காது.

கேபிள் இல்லாத நிலையில் செயின் சிறிய பல்லில் நிற்கும். பின்னாலிருந்து பாருங்கள். மேல் குட்டிச் சக்கரம், சிறிய பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வரும்படி எச் ஸ்க்ரூவைத் திருகுங்கள். இனி அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்துவிட்டு, லீவர் சிறிய பல்லின் நிலையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்குங்கள். கொறடால் முறுக்கேற்றி இழுக்க வேண்டாம்; தொய்வு போனால் போதும்.

எல் ஸ்க்ரூ ஆபத்தானது. அந்த எல்லை அகன்றிருந்தால், மேடு ஏறும்போது, முழுப் பலத்தோடு மிதிக்கும் நேரத்தில் செயின் ஸ்போக்குகளுக்குள் விழும். ஸ்போக் அறும், டெரெய்லர் சக்கரத்துக்குள் இழுக்கப்பட்டு முறியும், ஓட்டுபவர் விழுவார். எனவே செயினைப் பெரிய பல்லுக்கு ஒன்று முந்தைய பல்லில் வைத்து, பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டு, டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். பெரிய பல்லில் ஏற வேண்டும். மேல் குட்டிச் சக்கரம் அதற்கு நேர் கீழே நின்றுவிட வேண்டும். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் நகரக் கூடாது. ஏறவே இல்லையென்றால் கால் சுற்று வெளியே. இங்கே சந்தேகம் வந்தால் எல்லையைக் குறுக்கியே வையுங்கள். பெரிய பல் கிடைக்காமல் வீடு வந்து சேர்வது ஒன்றும் கெடுதல் இல்லை.

மூன்றாவதாக ஒரு ஸ்க்ரூ, டெரெய்லர் ஃபிரேமோடு சேரும் இடத்துக்குப் பின்னால் இருக்கும். மேல் குட்டிச் சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அது கூட்டிக் குறைக்கிறது. செயின் பெரிய பல்லில் இருக்கும்போது 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் அதைத் தொட வேண்டாம்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லையா? திருகுவதை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேராக, ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால், டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற துண்டு வளைந்திருக்கிறது. சைக்கிள் வலப்பக்கமாக விழுந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். பள்ளியிலும் ரயில் நிலையத்திலும் வரிசையாக நிறுத்திய சைக்கிள்களில் ஒன்று சாய்ந்து மற்றதையெல்லாம் சாய்க்குமே, அந்த ஒரு சரிவில் எத்தனையோ ஹேங்கர்கள் வளைகின்றன. அலுமினிய ஃபிரேமில் ஹேங்கரை வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் தனித் துண்டாகச் செய்கிறார்கள். ஃபிரேமுக்குப் பதில் அது வளையட்டும் என்று. இதை நிமிர்த்தத் தனி அளவுகோல் வேண்டும். வீட்டில் கொறடால் வளைத்தால் ஒடிந்துவிடலாம். கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கோளாறு இது.

தேய்மானமும் அப்படியே. அழுத்தி மிதிக்கும்போது மட்டும் ஏதோ ஒரு பல்லில் செயின் ‘படக்’கென்று நழுவினால் அங்கே திருகுவதற்கு ஒன்றுமில்லை. குழந்தைகளின் 12 அங்குல ஸ்கேலை எடுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின் வரும். அது பதினாறில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு அங்குலம் தாண்டிவிட்டால் பின் பல்சக்கரங்களும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் பழைய பல்லில் அது நழுவும்.

முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று போட்டால், அல்லது இரண்டிலும் சிறியதைப் போட்டால், செயின் குறுக்கே இழுபட்டுச் சத்தம் போடத்தான் செய்யும். 21 கியர் என்று விற்றாலும் அந்த இரண்டு கோணல் சேர்க்கைகளைக் கணக்கில் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஓட்டிப் பார்க்காமல் கருவிகளை எடுத்து வைக்காதீர்கள். அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தில் வழுக்கிக்கொண்டு மாறும் கியர், ஆள் ஏறி உட்கார்ந்து மிதித்ததும் தயங்கலாம். வண்டி அதிகம் வராத தெருவில், லேசாக மிதித்தபடி ஏழையும் ஏற்றி இறக்குங்கள். எல்லாப் பற்களிலும் ஒரேபோலத் தயங்கினால் இன்னொரு கால் சுற்று அட்ஜஸ்டர். ஒரே ஒரு பல்லில் மட்டும் தகராறு என்றால் அந்தப் பல் தேய்ந்தோ வளைந்தோ இருக்கலாம். கடைக்குப் போனாலும் ‘கியர் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ஏறும்போதா இறங்கும்போதா, எத்தனையாவது பல்லில், மிதிக்கும்போதா சும்மா சுற்றும்போதா என்று சொல்லிவிடுங்கள். மெக்கானிக் அந்த இரண்டு ஸ்க்ரூக்களில் கை வைக்காமலே வேலையை முடித்துவிடுவார்.